கருப்பனுக்கு வைத்த செடி

எங்கள் ஊர் எல்லைக் கருப்புக்கு ஆடி மூன்றாம் வெள்ளி உச்சிப் பொழுதில் படையல். கிடா ஊர்ப் பொது. சாராயம் கோட்டைச்சாமி வீட்டிலிருந்து வரும். சுருட்டு அக்கம்மாள் வகையறா. ஒரு சிட்டிகை கஞ்சா தவசி வீட்டிலிருந்து. இதை யார், எப்போது இப்படிப் பிரித்துக் கொடுத்தார்கள் என்று என்னிடம் கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. தவசியின் அப்பன் வைத்தான், அவன் அப்பன் வைத்தான், இப்போது தவசி வைக்கிறான். சாமி இறங்குவதும் அந்த வீட்டு ஆண்பிள்ளை மேல்தான். அதனால் ஊரில் அந்த வீட்டுக்குப் பெயரே கஞ்சா வீடு. பத்திரிகை வைக்க வருகிறவர்கள்கூட "கஞ்சா வீட்டுக்குக் குடுத்தாச்சா?" என்றுதான் கேட்பார்கள். யாரும் தப்பாக நினைத்துச் சொல்வதில்லை. மேட்டு வீடு, பால்கார வீடு என்கிற மாதிரி அதுவும் ஒரு வீடு.

நான் கூடலூர் போகிற ரோட்டில் உரக்கடை வைத்திருக்கிறேன். கடைக்குப் பின்னால் என் திராட்சைத் தோட்டம், அதை ஒட்டித் தவசியின் அரை ஏக்கர். அவன் தோட்டத்தை நம்பிப் பிழைக்கிறவன் இல்லை. கவாத்துக்காரன். பந்தலுக்குக் கீழே அண்ணாந்து நின்று கத்திரி பிடித்தான் என்றால் ஒரு நாளில் எத்தனை கொடி போகும் என்று அவனுக்கே தெரியாது. இந்தக் கொடி இத்தனை துளிர்க்கண் தாங்கும் என்று பார்த்த உடனே சொல்வான். அவன் கவாத்து செய்த பந்தலில் குலை விழாமல் போனதில்லை. அவன் மனைவி ராமுத்தாய் விடிந்ததும் ஜீப் ஏறிக் குமுளி தாண்டி ஏலக்காய் எஸ்டேட்டுக்குப் போய் சாயங்காலம் திரும்புகிறவள். ஒரே பெண் நாகஜோதி.

எல்லாம் நான் சொல்ல வந்த படையலுக்கு முந்தின ஆடியில் ஆரம்பித்தது. அந்த வருசம் தவசிக்குச் சாமிச் சாமான் கிடைக்கவில்லை. வழக்கமாகக் கொடுக்கிற ஆள் மதுரை ஜெயிலில் இருந்தான். இப்போது ஊருக்குள் வருவதெல்லாம் எங்கிருந்தோ லாரியில் வந்து, சின்னச் சின்னப் பொட்டலமாகக் காலேஜ் பிள்ளைகள் கைக்குப் போகிற சரக்கு. "எவன் கை பட்டதோ, எதுல முக்குனதோ, அதப் போயி சாமிக்கு வைப்பனா?" என்று தவசி அதை வாங்க மறுத்துவிட்டான். இலையில் துளசியும் திருநீற்றுப் பச்சிலையும் வைத்தான். உறுமி முழங்கியது, தவசி மேல் சாமி வந்தது. வந்த சாமி இலையைப் பார்த்தது.

"ஏலே, எஞ் சாமான் எங்கடா? எவண்டா எனக்குப் பச்சிலைய வச்சு ஏமாத்துனவன்?"

"தவசிதாஞ் சாமி வச்சான்" என்றார்கள்.

"கூட்டியாங்கடா அவன!"

எங்கிருந்து கூட்டி வருவது? ஊரே வாயைப் பொத்திக்கொண்டு நின்றது. சிரித்தவர்கள் புரட்டாசியில் அழுதார்கள். பழுக்கிற நேரத்தில் நாலு நாள் விடாமல் மழை அடித்து, பன்னீர் திராட்சை பந்தலிலேயே வெடித்து ஈ மொய்த்தது. மழைக்கும் துளசிக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்டேன். என்னை யாரும் மதிக்கவில்லை. தவசி யாரிடமும் எதுவும் பேசாமல் மாசியில் கருப்பன் பீடத்துக்குப் பின்னால், அரிவாள் நட்டிருக்கும் இடத்துக்கும் கள்ளி வேலிக்கும் நடுவில், நாலு விதை ஊன்றினான். ஒன்று முளைத்தது. அந்தப் பக்கம் யாரும் போவதில்லை.

இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் அவனுக்கு யூரியா கொடுத்திருக்க மாட்டேன்.

என் கடை வாசலில் ஒரு பெஞ்சு உண்டு. உத்தமபாளையம் கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தாவாக இருக்கிற அப்துல் வாஹித் சாயங்காலம் பஸ் இறங்கினால் அதில் உட்கார்ந்து பேப்பரைக் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். சித்திரையில் ஒரு நாள், ஏதோ ஒரு வெளிநாட்டில் கஞ்சாவுக்கு லைசென்ஸ் கொடுத்துக் கடை திறந்துவிட்டதாகப் படித்தார். தவசி கந்தகப் பொடி வாங்க வந்து நின்றுகொண்டிருந்தான்.

"அங்கன மட்டுமா மாப்ள? காசியில போயிப் பாரு. கவர்மெண்டு லைசென்ஸ்லயே கஞ்சா இலைய அரைச்சு விக்கிற பாங்குக் கடை இருக்கு. சாமி பிரசாதம்னு வாங்கிக் குடிக்கிறாக" என்றார் வாஹித். தவசி அவருக்கு மாப்பிள்ளை முறை, அவர் தவசிக்கு மச்சான். ராமுத்தாயை அவர் தங்கச்சி என்று கூப்பிடப் போய் வந்த முறை அது.

"அது எப்படி மச்சான்? அங்கன ஒரு சட்டம், இங்கன ஒரு சட்டமா?"

"சட்டம் ஒண்ணுதான். பூவும் காயும் சேந்த நுனி இருக்குல்ல, அதுதான் கஞ்சா. நுனி இல்லாத வெறும் இலை அந்தக் கணக்குலயே வராது. கேஸக் கட்டுக் கட்டாப் படிச்சிருக்கேன், எனக்குத் தெரியாதா? என்னக் கேட்டா இங்கயும் கடை வச்சுத் தொலையலாம்ங்கறேன்."

அப்போது எஸ்டேட் ஜீப் வந்து கடை முன்னால் நின்றது. பதினாறு பெண்கள் அதிலிருந்து எப்படித்தான் இறங்கினார்களோ, இறங்கினார்கள். ராமுத்தாய் தூக்குவாளியும், குமுளியில் வாங்கிய கப்பைக்கிழங்குப் பையுமாக வந்தாள். அவள் காதில் கடைசி வார்த்தை விழுந்துவிட்டது.

"என்ன கடைண்ணே வைக்கச் சொல்றீக?"

"கஞ்சாக் கடை தங்கச்சி."

"நல்லாருக்கு. செக்போஸ்ட்ல இன்னைக்கு எஞ் சோத்து வாளியத் தெறந்து கரண்டிய விட்டுக் கிண்டிப் பாத்தான். புளிச்சோத்துக்குள்ள என்ன இருக்கும்? நீங்க கடை வைக்கப் போறீகளாக்கும்."

"அதான் தாயி நானும் சொல்றேன். ஒளிச்சு விக்கிறதுனாலதான உஞ் சோத்தக் கிண்டுறான். ஒளிச்சு விக்கிறவன் எட்டாப்புப் படிக்கிற பிள்ளைக்கும் விப்பான். கடைன்னு வச்சா வயசு பாப்பாக, அளவு பாப்பாக. நான் தெனம் கோர்ட்ல பாக்கேன். பத்து கிராம் பொட்டலம், பத்தொம்பது வயசுப் பய, அவுக ஆத்தா மர நெழல்ல உக்காந்து அழுதுக்கிட்டு இருக்கா. லாரியில கொண்டாந்தவன் பேரு எந்தக் கட்டுலயும் இல்ல."

"நீங்க தொடுவீகளாண்ணே?"

"அஸ்தஃபிருல்லாஹ். எனக்கு ஹராம். பீடிகூடத் தொட்டதில்ல. நான் சட்டத்தப் பேசுறேன்."

"நான் எந் தம்பியப் பேசுறேன்" என்றாள் ராமுத்தாய். தூக்குவாளியைக் கீழே வைத்தாள். "செல்லப்பாண்டி என்ன, கள்ளச்சாராயமாண்ணே குடிச்சான்? கவர்மெண்டுக் கடையில, சீலு ஒடைக்காத பாட்டிலுதான. அவனுக்கு எவன் வயசு பாத்தான், எவன் அளவு பாத்தான்? முப்பத்தி நாலு வயசுல வயிறு வீங்கிச் செத்தான். கடை தூரமா இருந்தாலாச்சும் நடக்கச் சோம்பி இன்னும் ரெண்டு வருசம் இருந்திருப்பான்."

வாஹித் பேப்பரை மடித்தார். "நீ சொல்றது ஞாயந்தான். நான் சொல்றதும் ஞாயந்தான்."

"ரெண்டு ஞாயத்துலயும் பிள்ளையப் பறிகுடுக்கிறவ பொம்பளதான்" என்று சொல்லிவிட்டு ராமுத்தாய் வாளியை எடுத்துக்கொண்டு போனாள். எனக்கு அவள் சொன்னதுதான் சரி என்று பட்டது. வாஹித் பேசியபோது அவர் சொன்னது சரி என்று பட்டது. கடைக்காரன் புத்தி அப்படி.

தவசி இதில் எதையும் காதில் வாங்கவில்லை. அவன் மனதில் ஒன்றுதான் தங்கியது: இலை குற்றமில்லை, நுனிதான் குற்றம். ஒரு வாரம் கழித்து வந்து, "மொதலாளி, இலை மட்டும் நல்லாத் தழைக்கணும், பூவே வரக் கூடாது. என்ன போடலாம்?" என்று கேட்டான்.

"எதுக்குப்பா?"

"கறிவேப்பிலைக்கு."

ரெண்டு கை யூரியாவைப் பேப்பரில் கட்டிக் கொடுத்தேன். பூக்காத கறிவேப்பிலைக்கு இவ்வளவு அக்கறையா என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டாமா? தோன்றவில்லையே.

பிறகு அவன் செய்ததுதான் கூத்து. நுனி குற்றம் என்றால் நுனி இருக்கக் கூடாது, அவ்வளவுதானே. தினமும் காலையில் கருப்பனுக்கு விளக்குப் போடுகிற சாக்கில் போய் அந்தச் செடியின் நுனிகளைக் கிள்ளிப்போட்டான். கவாத்துக்காரன் கிள்ளினால் எப்படியிருக்கும்? பந்தல் உயரம் வந்த கொடியின் நுனியைக் கிள்ளி இரண்டு கையாகப் பிரித்துவிடுவது அவன் முப்பது வருசப் பிழைப்பு. கிள்ளிய இடத்தில் இரண்டு துளிர் வந்தது. அந்த இரண்டையும் கிள்ளினான், நாலு வந்தது. கிள்ளினால் தழைக்கும் என்று தெரியாதவனா? நன்றாகத் தெரியும். தழைத்தால் இலைதானே, இலை குற்றமில்லையே என்று சந்தோசப்பட்டிருக்கிறான். மேலே கள்ளி வேலியின் நிழல், கீழே என் யூரியா. ஆடி பிறந்தபோது அது ஆள் உயரத்துக்குக் குடை மாதிரி விரிந்து, கை வைத்த இடமெல்லாம் நுனியாக நின்றது. நாலு நாள் மலையடிவாரத் தோட்டப்பக்கம் கவாத்துக்குப் போய்விட்டு வந்து பார்த்தால், அத்தனை நுனியிலும் பூ.

அந்த வாரம்தான் நாகஜோதிக்கு ஸ்டேசனிலிருந்து போன் வந்தது.

நாகஜோதிக்கு இருபத்திரண்டு வயது. போலீஸ் வேலைக்கு மூன்று தடவை எழுதியவள். முதல் தடவை எழுத்தில் போனது, இரண்டாம் தடவை ஓட்டத்தில் அரைச் செகண்டில் போனது. பெரியாறு வாய்க்கால் கரையில் விடிகாலையில் அவள் ஓடுவதை ஊரே பார்த்திருக்கிறது. முதலில் கேலி பேசியவர்கள் பிறகு மாட்டை ஓரமாகப் பிடித்துக்கொண்டு வழி விட்டார்கள். மூன்றாம் தடவை எல்லாம் தேறி லிஸ்டில் பெயர் வந்துவிட்டது. இனி பாக்கி, உள்ளூர் ஸ்டேசனிலிருந்து ஆள் வந்து விசாரித்து, குடும்பத்தில் வம்பு வழக்கு இல்லை, நன்னடத்தை என்று எழுதிக் கொடுப்பது ஒன்றுதான். வெள்ளிக்கிழமை வருவதாகச் சொன்னார்கள். அது படையல் வெள்ளி.

புதன்கிழமை காலை அவள் வழக்கம்போல் ஓடினாள். லிஸ்டில் பெயர் வந்த பிறகும் அவள் ஓட்டத்தை விடவில்லை. ஆடிக் காற்று மேற்கிலிருந்து சாரலோடு அடித்துக்கொண்டிருந்தது. கருப்பன் கோயில் திருப்பத்தில் அந்த வாடை அவள் மூக்கில் ஏறியது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அந்த வாடையை யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. அரிவாள்களுக்குப் பின்னால் போய்ப் பார்த்தாள். மண்ணில் அப்பனின் டயர் செருப்புத் தடம் கிடந்தது.

அரை மணி நேரத்தில் எனக்கு ஆள் வந்தது. வாஹித்தைக் கோர்ட்டுக்குப் போகவிடாமல் முன்னமே இழுத்து வந்திருந்தார்கள். என்னை எதற்குக் கூப்பிட்டார்கள் என்றால், யூரியா கொடுத்தவன் என்கிற முறையில். தெரு முனையில் எஸ்டேட் ஜீப் ஹாரன் அடித்து அடித்துப் பார்த்துவிட்டுப் போனது. ராமுத்தாய் போகவில்லை. அடுப்பில் மத்திக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது, இறக்கி வைக்க ஆளில்லை.

தவசி சுவரோரம் குத்துக்கால் வைத்து உட்கார்ந்திருந்தான்.

"மச்சான்தான சொன்னாரு, இலை குத்தமில்லன்னு."

வாஹித் தலையில் கை வைத்தார். "இலை குத்தமில்ல மாப்ள. செடி வளக்குறது குத்தம். ஒத்தச் செடின்னாலும் பத்து வருசம் வரைக்கும் போடலாம்."

"செடியில்லாம இலை எங்கருந்து மச்சான் வரும்? வானத்துலருந்து விழுகுமா?"

"அதச் சட்டம் எழுதுனவககிட்டத்தான் கேக்கணும். நீ செடி வச்சிருக்கேன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா…"

"நீங்களும் ஆரம்பிச்சத முழுசாச் சொல்லியிருக்கணும்" என்று ராமுத்தாய் அவர் மேல் பாய்ந்தாள். "பெஞ்சுல உக்காந்து பாதிச் சட்டம் பேசுனா இப்படித்தான் விடியும். ஏங்க, உங்களுக்குக் கூறு இருக்கா? போலீசு வீட்டுக்கு வர்ற நேரத்துல…"

"எனக்கா வச்சேன்? நான் ஒரு இழுப்பு இழுத்துப் பாத்திருப்பியா இத்தன வருசத்துல? சாமிக்கு வச்சது."

"சாமி ஜாமீன் எடுக்குமா?"

நாகஜோதி ஓடிய வேர்வையோடு வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அப்பா, கேஸ் உங்க மேலதான் வரும். எம்மேல வராது. ஆனா எனக்கு நன்னடத்தைன்னு எவன் எழுதுவான்? மூணு வருசம் ஓடியிருக்கேம்ப்பா. காலு நகம் எத்தன தடவ பேந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியும். நீங்கதான மஞ்சப் பத்துப் போட்டு விட்டீக." சொன்னவள் அழுதுவிட்டாள். அந்தப் பிள்ளை அழுது நான் பார்த்ததில்லை. அரைச் செகண்டில் போனபோதுகூட அழவில்லை. எனக்கு அந்த ரெண்டு கை யூரியாதான் நினைவுக்கு வந்தது.

தவசி எழுந்தான். "சாமிக்கு வச்சத நான் பிடுங்க மாட்டேன். பிடுங்குறவகளத் தடுக்கவும் மாட்டேன்."

நாகஜோதி கிளம்பினாள். ராமுத்தாய் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். "நீ தொடாத ஆத்தா. உங் கை அதுல படக் கூடாது." அவளே போனாள். பெண்பிள்ளை போகக் கூடாத இடம். போய், ஏலச் செடிக்குக் கவாத்து எடுக்கிற வேகத்தில் வேரோடு பிடுங்கி, வெட்டி, சாக்கில் திணித்துக் கொண்டு வந்தாள். அடுப்பில் போடலாம் என்றாள். "எரிச்சிராத தங்கச்சி, தெருவே மணக்கும்" என்று வாஹித் பதறினார். கடைசியில் எருக்குழியில் ஆழமாகப் புதைத்து மேலே ரெண்டு கூடை சாணியைக் கொட்டினோம். வாஹித் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்வெட்டி பிடித்தார். சட்டத்துக்கு விரோதமாக அவர் வாழ்க்கையில் செய்த ஒரே காரியம் அதுவாகத்தான் இருக்கும்.

முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன். கை கழுவிவிட்டுக் கப்பைக்கிழங்கும் மத்திக் குழம்பும் ஆளுக்கொரு தட்டு சாப்பிட்டோம். தவசி மட்டும் தட்டைத் தொடவில்லை.

"வெள்ளிக்கிழம சாமி கேட்டா என்ன செய்ய?"

எல்லாருக்கும் அப்போதுதான் உறைத்தது. போன வருசம் துளசி வைத்ததற்கே அந்தக் கூப்பாடு. இந்த வருசம் வைத்த செடியையே பிடுங்கியாகிவிட்டது. ஊர் முன்னால், 'எனக்கு வச்ச செடியப் பிடுங்கிப் பொதச்சது எவண்டா' என்று சாமி கேட்டுவிட்டால் போலீஸ் விசாரிக்கவே வேண்டாம்.

"உங்க மேலதான வருது?" என்றாள் ராமுத்தாய். "இனிமே வேணாம்னு சொல்லச் சொல்லுங்க."

"நான் சொல்றதாடி? அது வந்து சொல்லணும். அது வந்தா நான் என்ன பேசுவேன்னு எனக்கே தெரியாது. முடிஞ்ச பொறவு நீதான எனக்குச் சொல்லுவ, இன்ன இன்ன பேசுனீகன்னு."

"அப்ப இந்த வருசம் ஆடாதீகப்பா" என்றாள் நாகஜோதி.

"கொட்டுச் சத்தம் கேட்டா எங் கையிலயா ஆத்தா இருக்கு?"

அவன் அதைச் சொன்ன விதத்தில் ஒரு பொய்யும் இல்லை. சாமி வருவதை நான் நம்புகிறவன் இல்லை. ஆனால் தவசியை நம்புகிறவன். முப்பது வருசமாக அவன் வலது குதிகால் முதலில் துடிக்கும், பிறகு முழங்கால், பிறகு ஆள் வேறு. அப்போது அவனுக்குக் கலெக்டரும் ஒன்றுதான், களை எடுக்கிறவனும் ஒன்றுதான். எல்லாரும் ஏலேதான்.

வியாழக்கிழமை முழுக்க ராமுத்தாய் வீடு வீடாகப் போனாள். நாளைக்குப் போலீஸ்காரர் வந்து கேட்டால் தவசி வீடு என்று சொல்லுங்கள், கஞ்சா வீடு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்லிவைத்தாள்.

வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்கு எஸ்.எஸ்.ஐ. சண்முகராஜ் பைக்கில் வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும், தூக்கம் பற்றாத கண். குழாயடியில் நின்ற மொக்கம்மாளிடம் வழி கேட்டார். மொக்கம்மாளுக்கு முதல் நாள் சொல்லிக் கொடுத்தது அப்படியே ஞாபகம் இருந்தது.

"கஞ்சா வீடு இல்ல சார். தவசி வீடு. அந்தா, நீலக் கதவு."

சண்முகராஜ் பைக்கை அணைத்தார்.

வீட்டுக்குள் வந்து மோர் வாங்கிக் குடித்துவிட்டு, நாகஜோதியிடம் சர்ட்டிபிகேட்டெல்லாம் வாங்கிப் பார்த்தார். அக்கம் பக்கத்துச் சாட்சிக்கு நான் கையெழுத்துப் போட்டேன். பிறகு மெதுவாகக் கேட்டார். "அதென்ன கஞ்சா வீடு?"

தவசி மறைக்கவில்லை. சாமிக்கு ஒரு சிட்டிகை வைக்கிற வழக்கத்தைச் சொன்னான்.

"இப்பவும் உண்டா?"

காற்று கதவை அடித்துச் சாத்தியது.

சண்முகராஜ் பேனாவை மூடினார். "எனக்கும் ரெண்டு பொம்பளப் பிள்ளைக. நேத்து ஒருத்தனப் பிடிச்சோம். பாக்கெட்ல இருந்தது ஒரு டீத்தூள் பொட்டலம் அளவு. அவன உள்ள தள்ளுனா அவன் வாழ்க்கை போச்சு. விட்டா நாளைக்கு அவன் நாலு பேருக்கு விப்பான். நான் என்ன செய்யணும்னு எனக்கே தெரியல. ஆனா ஒண்ணு, கண்ணால பாத்துட்டா எழுதாம இருக்க முடியாது. படையல் உச்சிக்குத்தான? இருந்து பாத்துட்டே போறேன்."

கோயிலில் ஊரே நின்றது. சாரல் தூறிக்கொண்டிருந்தது, பொங்கல் அடுப்பை நாலு பேர் வேட்டி பிடித்து மறைத்து எரித்தார்கள். இலை போட்டுச் சோறு, கறி, ஈரல், சாராயம், சுருட்டு எல்லாம் வைத்தார்கள். தவசி வைக்கிற மூலை காலியாக இருந்தது. கோட்டைச்சாமி அதைப் பார்த்தான், தவசியைப் பார்த்தான், போலீஸ்காரரைப் பார்த்தான், வாயை மூடிக்கொண்டான். நாகஜோதி கூட்டத்துக்குப் பின்னால் வேப்பமரத்தில் சாய்ந்து கண்ணை மூடி நின்றாள். உதடு மட்டும் அசைந்தது. சாமி வர வேண்டும் என்று ஊர் வேண்டிக்கொண்டிருந்தது, வரக் கூடாது என்று அவள் வேண்டிக்கொண்டிருந்தாள்.

உறுமி எழுந்தது. நான் தவசியின் குதிகாலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசையவில்லை. முதல் சுற்று முடிந்து இரண்டாம் சுற்று தொடங்குமுன், திடீரென்று அவன் "ஏலே!" என்று கத்திக்கொண்டு முன்னால் வந்து அரிவாளைப் பிடுங்கினான். குலவை கிளம்பியது.

"என்னடா பாக்குறீக? எலை மூலை காலியாக் கெடக்கேன்னா? நான்தாண்டா வேணாம்னேன்! எம் பிள்ளைகளக் கெடுக்கிற சாமான் எனக்கு எதுக்குடா? இந்த வருசத்துலருந்து அது வேணாம். எவனும் வைக்கக் கூடாது. வச்சா எடுத்துக்க மாட்டேன்!"

"ஆகட்டுஞ் சாமி!" என்று ஊர் கும்பிட்டது. அதோடு விட்டிருக்கலாம். கோட்டைச்சாமி முன்னால் வந்து, "சாமி, அப்ப சாராயம்?" என்று கேட்டான். அரிவாள் ஒரு நிமிடம் அப்படியே நின்றது.

"அத ஒண்ணும் சொல்லல" என்றது சாமி.

பிறகு எல்லாருக்கும் திருநீறு. வரிசையில் சண்முகராஜ் தொப்பியைக் கழற்றிவிட்டு வந்து நின்றார். வழக்கமாகக் கருப்பன் திருநீறு இட்டால் கட்டைவிரலால் நெற்றியில் குத்தின மாதிரி இருக்கும், யாராக இருந்தாலும். தவசி அவருக்குத் திருநீறு இட வலது கையை நீட்டியபோது, அவன் இடது கை தானாக வந்து வலது முழங்கையைத் தொட்டுக்கொண்டது. ஆபீசில் பெரிய மனிதர்களிடம் காகிதம் கொடுக்கிறபோது நாம் தொடுவோமே, அப்படி. ராமுத்தாய் அதைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அவள் சட்டென்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சண்முகராஜ் கறிச்சோறு சாப்பிட்டுவிட்டு, நாகஜோதியைக் கூப்பிட்டு, "நல்லபடியா எழுதிர்றேம்மா. ட்ரெயினிங்ல வெயிலுக்குப் பழகிக்க" என்று சொல்லிப் போனார். ஊர்க்காரர்கள் கருப்பனே சட்டம் போட்டுவிட்டார், இனி எவன் பேசுவான் என்று பேசிக்கொண்டார்கள். வாஹித் வேலியோரம் குடையோடு நின்றிருந்தவர், "எங்க கோர்ட்ல இம்புட்டுச் சீக்கிரம் தீர்ப்பு வந்ததில்ல" என்றார்.

பந்தியில் தவசியைக் காணவில்லை. இலையில் கொஞ்சம் கறி மடித்து எடுத்துக்கொண்டு தேடிப் போனேன். வாய்க்கால் படியில் தண்ணீருக்குள் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ராமுத்தாய் பக்கத்தில் நின்றாள்.

"வந்துச்சா?" என்று அவள் கேட்டாள்.

"இல்ல."

"அப்ப பேசுனது?"

"நாந்தான் பேசுனேன். கொட்டுச் சத்தம் ஏற ஏற, வந்துருமோ வந்துருமோன்னு கெதக்கு கெதக்குன்னு இருந்துச்சுடி. வந்தா உள்ளதச் சொல்லிரும், பிள்ள பொழப்பு போயிரும். அதான் அது வர்றதுக்குள்ள நானா ஆரம்பிச்சுட்டேன்." காலால் தண்ணீரை அளைந்தான். "வாசல் வரைக்கும் வந்திருக்கும்டி. நான் கதவச் சாத்திட்டேன்."

ராமுத்தாய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். கறியை நான் படியிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

அடுத்த ஆடிக்கு நாகஜோதி பயிற்சிப் பள்ளியில் இருந்தாள், லீவு கொடுக்கவில்லை. இலையில் அந்த மூலைக்குப் பழம் வைக்கச் சொல்லி ஊர் முடிவு செய்திருந்தது. தவசி குளித்து, மாலை போட்டு, கருப்பன் முன்னால் போய் நின்றான். உறுமிக்காரர்கள் ஒரு மணி நேரம் அடித்தார்கள். ஆள் மாற்றி அடித்தார்கள். குதிகால் துடிக்கவில்லை. அவன் கண்ணை மூடி, கையை விரித்து, வா வா என்று வாய்க்குள்ளேயே கெஞ்சியது முன் வரிசையில் நின்ற எங்களுக்குக் கேட்டது. கடைசியில் கண்ணைத் திறந்து, "போதும்ப்பா, கையி வலிக்கும் உங்களுக்கு" என்று உறுமிக்காரர்களை நிறுத்தினான். மாலையைக் கழற்றிப் பீடத்தில் வைத்தான்.

பந்தி முடிகிற நேரத்தில் நாகஜோதி போன் பண்ணினாள். சத்தமாகப் பேசுகிற பிள்ளை, பக்கத்தில் இருந்த எனக்கே கேட்டது.

"அப்பா, சாமி வந்துச்சா?"

தவசி போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"வந்துச்சு ஆத்தா. நல்லா வந்துச்சு."

"என்ன சொல்லுச்சு?"

"உன்னத்தான் கேட்டுச்சு" என்றான். "எம் பிள்ள நல்லாருக்காளாடான்னு கேட்டுச்சு."